இடமிருந்து மூன்றாவது

முத்திரை மை டப்பாவின் மூடி திறக்கவில்லை. எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பம்.

உரிமம் வழங்கும் அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலில் முப்பத்து மூன்று வருடமாக உட்கார்ந்திருப்பவர் அவர். மூடி மக்கர் பண்ணும்போதெல்லாம் முன்பல்லால் ஒரு நெம்பு நெம்புவார், திறந்துகொள்ளும். அன்றைக்கும் நெம்பினார். டக்கென்று ஒரு சத்தம் வந்தது. மூடி அப்படியே இருந்தது, பல்தான் வந்தது.

மேல்வரிசை முன்பற்கள் இரண்டில் ஒன்று மூலை பெயர்ந்து, மற்றது பாதியாக ஒடிந்து போயிருந்தன. மூடி ஓரத்தில் ஒட்டியிருந்த மை பட்டு உதடெல்லாம் நீலம். ஜன்னலுக்கு வெளியே நின்ற அம்மாள், உடம்புக்கு ஏதாவது பண்ணுதா என்று கேட்டார். அவர் பக்கத்து ஜன்னல் மை டப்பாவை எட்டி எடுத்தார். பாரத்தை வாங்கி முத்திரையைக் குத்தி நீட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

அவர் சுபாவமே அப்படி. அலுவலகத்தில் அவருக்கு 'முத்திரையார்' என்று பெயர். முத்திரை குத்துவதால் மட்டும் வந்த பெயரில்லை, வாயையும் யாரோ முத்திரை வைத்து மூடியது போலத்தான் இருக்கும். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட மனிதருக்குப் பல் உடைந்தால் என்ன, இருந்தால் என்ன என்றுதான் அலுவலகமே நினைத்தது.

ஆனால் வீட்டில் வேறு கணக்கு. இன்னும் ஒரு மாதத்தில் அவருக்குக் கல்யாணமாகி முப்பது வருடம். மகள் ஸ்டுடியோவில் நேரம் குறித்து வைத்திருந்தாள். மனைவி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தாள். இந்தப் போட்டோவிலாவது நீங்கள் சிரிக்க வேண்டும். முப்பது வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது இந்த ஒன்றுதான். சரி, பார்க்கலாம் என்று அவரும் தலையாட்டியிருந்தார். தலையாட்டிய மறுநாள் பல் போயிற்று.

பல் டாக்டர் நல்ல கெட்டிக்காரப் பெண்மணி. ஒரே ஒரு பழக்கம், நம் வாய்க்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு கேள்வி கேட்பார். மூலை பெயர்ந்த பல்லைப் பல் நிறத்திலேயே பூசி அடைத்துவிடலாம், ஒடிந்த பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து, மேலே உறை மாதிரி ஒரு கேப் போட வேண்டும் என்றார். "பயமா சார்?" என்று வேறு கேட்டார். முத்திரையார் "ஆ" என்றார். அதைத் தவிர வேறென்ன சொல்ல முடியும்?

பூசி அடைத்தது மறுநாள் காலை ரொட்டித் துண்டோடு போய்ச் சேர்ந்தது. முன்பல்லால் எதையும் கடிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது, கையும் வாயுமாக இருந்த நேரத்தில் காதில் ஏறவில்லை.

அடுத்து வேர் சிகிச்சை. மரத்துப்போக ஊசி போட்டார்கள். முடிந்ததும் வீட்டுக்குப் போயிருக்கலாம். அரை நாள் விடுப்பு எதற்கு வீண் என்று மனிதர் நேராக அலுவலகத்துக்குப் போய்விட்டார். உதடு முகத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்றே தெரியவில்லை. தண்ணீர் குடித்தார், சட்டைதான் குடித்தது. பேசினால் குழறியது. மேலதிகாரி தூரத்திலிருந்தே கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, ஆவண அறைக்காரரைக் கூப்பிட்டு, போய் அவர் பக்கத்தில் நின்று மோந்து பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

ஆவண அறைக்காரர் முத்திரையாரைவிட ஒரு வருடம் சீனியர். தூசியிலேயே வளர்ந்தவர். எந்த வருடத்துக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுத்துத் தருவார். வந்தார், ஒரு கோப்பைத் தேடுவது போலக் குனிந்து மூக்கை உறிஞ்சினார், திரும்பிப் போனார்.

"கிராம்பு வாசனைதான் சார் வருது" என்று அறிக்கை கொடுத்தார்.

கேப் தயாராகும்வரை தற்காலிகமாக ஒன்றை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். நாலாம் நாள், ஒரு கடை உரிமத்தை அனுமதிக்கக் கையை ஓங்கிய நேரம் பார்த்து முத்திரையாருக்குத் தும்மல் வந்தது. கேப் பறந்துபோய்ப் பாரத்தில், சரியாக முத்திரை விழ வேண்டிய கட்டத்தில் உட்கார்ந்தது. முப்பத்து மூன்று வருடப் பழக்கம், ஓங்கிய கை நிற்குமா? குத்திவிட்டார். கேப் நாலாக உடைந்தது. பெரிய துண்டில் 'அனுமதி' என்ற எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன.

அந்தத் துண்டுகளை உறையில் போட்டுக்கொண்டு போனபோது டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இனித் தற்காலிகம் வேண்டாம், ரெண்டு முன்பல்லுக்கும் நிரந்தரமாகவே கேப் போட்டுவிடலாம் என்றார். ஆனால் முன்பல் என்பது முகத்தின் வாசல், பழைய வடிவம் தெரியாமல் செய்தால் முகமே மாறிவிடும்.

"பல் தெரியுற மாதிரி நீங்க சிரிச்ச பழைய போட்டோ ஒண்ணு கொண்டு வாங்க சார். அதை வச்சு லேப்ல அப்படியே செஞ்சிடுவாங்க."

முத்திரையார் விழித்தார். என்னவோ கிணற்றுத் தண்ணீர் ஒரு குடம் கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டுவிட்டார் அந்த அம்மாள்.

அன்று சாயங்காலம் ஆல்பங்கள் எல்லாம் கூடத்தில் பரப்பப்பட்டன. கல்யாண ஆல்பத்தில் அவர் வாய் மூடியிருந்தது. மகள் பிறந்தபோது மூடியிருந்தது. அலுவலகப் பாராட்டு விழாவில் மாலையோடு மூடியிருந்தது. மகள் கடைசி ஆல்பத்தை மூடி வைத்துவிட்டு, "அப்பா, உங்களுக்குப் பல் இருந்ததுக்கே ஆதாரம் இல்ல" என்றாள்.

மனைவி எழுந்து போய் பீரோவின் அடித்தட்டைத் துழாவி, பழைய உறை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இதுல இருக்கு."

உள்ளங்கை அளவு கறுப்பு வெள்ளைப் போட்டோ. அணைக்கட்டு ஒன்றின் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஏழு இளைஞர்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஏழு பேருக்கும் ஒரே மாதிரி வெள்ளைத் தொப்பி, ஒரே மாதிரி மீசை. தொப்பி நிழலில் கண் தெரியவில்லை. முகம் ஒவ்வொன்றும் பயறு அளவு. ஆறு பேர் உதட்டை இறுக்கிக் கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டிருந்தார்கள். இடதுபக்கத்திலிருந்து மூன்றாவது ஆள் மட்டும் தலையைப் பின்னால் சாய்த்து, முப்பத்திரண்டும் தெரிய, உலகத்துக்கே கேட்கும்படி சிரித்துக்கொண்டிருந்தான். முன்பற்கள் கொஞ்சம் எடுப்பு. நடுவில் ஒரு பெரிய இடைவெளி.

முத்திரையார் போட்டோவைத் திருப்பிப் பார்த்தார். 'இடமிருந்து மூன்றாவது. நல்ல குணம். சிரித்த முகம்.' அண்ணன் கையெழுத்து. அண்ணன் சைக்கிள் கடை வைத்திருந்தவர், பத்துக் கை மாறிய வண்டியையும் ஷோரூமிலிருந்து நேற்று வந்தது என்று தள்ளிவிடக்கூடியவர். தம்பிக்குச் சம்பந்தம் பேசியதும் அவர்தான்.

"இது நானா?"

"உங்க அண்ணன் எழுத்து உங்களுக்குத் தெரியாதா? எங்க வீட்டுக்கு அவர்தான் கொண்டு வந்து குடுத்தார்" என்றாள் மனைவி. அப்புறம் மகள் உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டு, தரையில் இருந்த ஆல்பங்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "அப்போ எனக்கு மூணு போட்டோ வந்துச்சு. மத்த ரெண்டு பேரும் உங்களைவிடப் பெரிய உத்தியோகம். இந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் உங்களைச் சொன்னேன். நேர்ல வந்தப்போ நீங்க சிரிக்கல. கூச்சம்னு நெனச்சேன். கல்யாணத்தன்னைக்கும் சிரிக்கல. அலுப்புன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் முப்பது வருஷம் ஆச்சு. ஏன் நின்னு போச்சுன்னு உங்களைக் கேக்கவே பயம். என்னைக் கட்டிக்கிட்டதுனாலதானோன்னு."

முத்திரையாருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. இப்படி ஒரு பாரத்தை இவள் முப்பது வருடம் தனியாகச் சுமந்திருக்கிறாளா? அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் போட்டோவில் இருப்பவன் அப்படிச் சிரிக்கிறானே, அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

ராத்திரி படுத்துக்கொண்டு அந்த அணைக்கட்டுப் பயணத்தை நினைவுபடுத்திப் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் போனது. மண்டையைப் பிளக்கும் வெயில். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றது ஞாபகம் வந்தது. வெயில் கண்ணில் அடித்திருக்கும். சிரித்தது மட்டும் சுத்தமாக ஞாபகத்தில் இல்லை. எப்போது தொலைத்தேன், எங்கே தொலைத்தேன் என்று குழம்பிக் குழம்பித் தூக்கம் போனதுதான் மிச்சம். எப்படியானாலும் அந்தச் சிரிப்பை இவளுக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று மட்டும் முடிவு செய்தார்.

டாக்டர் அந்தப் போட்டோவைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அப்புறம் முத்திரையாரின் வாயைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"சார், உங்க பல் வரிசையில இடைவெளியே இல்லையே. எடுப்பும் இல்ல. எக்ஸ்ரேயில வேரெல்லாம் நேரா இருக்கு."

கூட வந்திருந்த மனைவி விடவில்லை. "முப்பது வருஷத்துல மனுஷனே மாறிட்டார் டாக்டர். பல்லு மாறாதா?"

டாக்டர் பென்சிலை எடுத்து அளவு குறித்தார். நடுவில் அவ்வளவு இடைவெளி விட்டால் பக்கத்துப் பற்கள் இரண்டும் அளவு பொருந்தாமல் போகும், அவற்றின் மேலும் மெல்லிய தகடு ஒட்ட வேண்டும் என்றார். ஆக, இரண்டு பல் நாலு பல் ஆயிற்று. அடுத்து நிறம். பல் நிறங்களை வரிசையாகக் கோத்த ஒரு பட்டையை எடுத்து அவர் வாயருகே பிடித்தார்கள். வெள்ளையில் ஆரம்பித்து மஞ்சளில் முடிகிற பட்டை அது. முத்திரையாரின் பல் அந்தப் பட்டை முடிந்து அதற்கும் அப்பால் இருந்தது. அலுவலகக் காப்பியின் கைங்கரியம். கேப்பை ஒட்டிவிட்டால் பிறகு அதன் நிறத்தை மாற்ற முடியாது, அதனால் மற்ற பற்களை முதலில் வெளுத்துவிடுவோம் என்றார் டாக்டர்.

வெளுத்தார்கள். ஒரு வாரம் காப்பி கூடாது. காற்று பட்டாலே பல் கூசியது. முத்திரையார் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நடந்தார், பொத்திக்கொண்டே முத்திரை குத்தினார். ஏற்கெனவே பேசாத மனிதர் இப்போது மூச்சுக்கூட விட மாட்டேன் என்கிறாரே என்று சக ஊழியர்கள் பேசிக்கொண்டார்கள்.

விசேஷத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது புதுப் பல் வந்தது. அச்சு அசல் போட்டோவில் இருந்த பல்லேதான். அதே இடைவெளி, அதே எடுப்பு. ஒரே ஒரு சிக்கல், உதடு மூடவில்லை. முப்பது வருடம் பூட்டிக் கிடந்த வாய் இப்போது நாள் பூராவும் திறந்தே இருந்தது. தூங்கும்போதும் சிரித்தார், தலைவலிக்கும்போதும் சிரித்தார். போகப்போக உதடு பழகிவிடும் என்றார் டாக்டர்.

மூன்றாம் ஜன்னலில் குழப்பம் தொடங்கியது. ஒருவருடைய விண்ணப்பத்தில் 'நிராகரிக்கப்பட்டது' என்று குத்தி, பல்லெல்லாம் தெரிய நீட்டினார். அந்த மனிதரும் மகிழ்ச்சியாகச் சிரித்து, கையெடுத்துக் கும்பிட்டு, படியிறங்கிப் போனார். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, "கிண்டலா பண்றீங்க?" என்று ஜன்னலைத் தட்டினார். அவரைச் சமாதானப்படுத்த முத்திரையார் முயன்றார். அந்த முகத்தோடு யாரைச் சமாதானப்படுத்துவது?

ஆவண அறைக்காரர் வேறு வந்து வந்து பல்லையே உற்றுப் பார்த்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. இந்தப் பல்லை நான் எங்கயோ பார்த்திருக்கேன்."

"என் பல்லுதான். சின்ன வயசுல பார்த்திருப்பீங்க."

"உங்க பல்லை யாரு சார் பார்த்திருக்கா?" என்று தலையைச் சொறிந்துகொண்டு போனார். அன்று முழுக்க ஒரு கோப்பைக்கூட அவரால் சரியாக எடுத்துக் கொடுக்க முடியவில்லை.

போதாக்குறைக்கு மேலதிகாரியின் மாமனார் காலமானார். அலுவலகமே திரண்டு துக்கம் விசாரிக்கப் போயிற்று. வரிசையில் நின்ற முத்திரையார் ஆன மட்டும் உதட்டை இழுத்துப் பார்த்தார், முடியவில்லை. கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டார். அதோடு விட்டிருந்தால் தேவலை. இழுத்துப் பிடித்த உதடு நடுங்க ஆரம்பித்தது, தோளும் சேர்ந்து குலுங்கியது. யாரோ நெருங்கிய உறவு போலிருக்கிறது, தேம்பித் தேம்பி அழுகிறாரே என்று மேலதிகாரியின் மனைவி பதறிப்போய் அருகே வந்தார். ஆறுதல் சொல்லிக்கொண்டே அவர் கையைப் பிடித்து, கைக்குட்டையோடு கீழே இறக்கினார்.

துக்க வீடே அந்தப் பல்லைப் பார்த்தது.

மறுநாள் விளக்கம் கேட்டு ஓலை வந்தது. துக்க வீட்டில் சிரித்தது ஏன் என்று மூன்று நாளுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும். 'ஐயா, அது சிரிப்பல்ல, பல்' என்று ஆரம்பித்து மூன்று பக்கம் எழுதினார். படித்துப் பார்த்தபோது அவருக்கே நம்பிக்கை வரவில்லை. போதுமடா சாமி, டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு வழக்கமான மூஞ்சியோடு திரும்பிவிடலாம் என்று தீர்மானித்து வீட்டுக்கு வந்தார்.

சமையலறையில் மனைவி பாடிக்கொண்டிருந்தாள். சுருதி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது. ஆனால் அவள் பாடுவாள் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். வாசலிலேயே நின்று கேட்டார். டாக்டரிடம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோவில் போட்டோக்காரர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கினார்.

"சார், கொஞ்சம் சிரிப்பைக் குறைச்சுக்கங்க."

வாழ்நாளில் யாரும் அவரிடம் சொல்லாத வார்த்தை. முத்திரையாருக்கு வயிற்றுக்குள் என்னவோ கிச்சுக்கிச்சு மூட்டியது போலிருந்தது. ஒரு குலுங்கு குலுங்கினார். மனைவி திரும்பிப் பார்த்து அவளும் சிரித்துவிட்டாள். போட்டோக்காரர் சட்டென்று தட்டினார். பல் பாதி, நிஜம் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள், சிரிப்பு சிரிப்புதானே. "இப்பத்தான் நீங்க அந்தப் போட்டோவுல இருக்கிற மாதிரியே இருக்கீங்க" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவருக்கும் கண் கலங்கியது. தொலைத்ததைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

மகள் ஒரு வேலை செய்திருந்தாள். பழைய போட்டோவையும் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, புதுப் போட்டோவுக்குப் பக்கத்தில் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தாள். விசேஷ நாளன்று வந்தவர்களையெல்லாம் மனைவியே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். மேலதிகாரிகூட வந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, விளக்கக் கடிதத்தை இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்றார்.

கடைசியாக ஆவண அறைக்காரர் பூங்கொத்தோடு வந்தார். சுவரைப் பார்த்தார். பூங்கொத்தைக் கொடுக்க மறந்து, நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார்.

"இந்தா, இந்தப் பல்லுதான் சார்! ஒரு வாரமா மண்டையைப் பிச்சுக்கிட்டு இருக்கேன். நம்ம பழைய டைப்பிஸ்ட். ஒரே வருஷத்துல வேற வேலை கெடைச்சுப் போனானே, அவன் பல்லு."

"அது டைப்பிஸ்ட் இல்ல, நான்" என்றார் முத்திரையார். "இடமிருந்து மூணாவது. பின்னாடி எழுதியே இருக்கு."

ஆவண அறைக்காரர் காதில் வாங்கவில்லை. சுவரருகே போய் ஒவ்வொரு தொப்பியாக விரலை வைத்தார். முதலில் நிற்பது தான், அடுத்தது அப்போதைய காசாளர், மூன்றாவது டைப்பிஸ்ட், நாலாவது டிரைவர் என்று ஏழு பேரையும் கோப்பு எண் சொல்வது போலத் தடங்கலில்லாமல் சொல்லி முடித்தார். தேநீர்த் தட்டோடு வந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்போ இவர் எங்க?" என்று கேட்டாள்.

"சார் எப்படிம்மா இதுல இருப்பாரு? கேமராவைக் கையில பிடிச்சுக்கிட்டு, ஒரு கண்ணை மூடிக்கிட்டு, சார் அடிச்ச ஜோக்குக்குத்தானே அவன் அப்படி வாயைப் பொளந்து சிரிக்கிறான்."